நேர்த்திக்கடனுக்கு எடுத்துவைத்த பணமும் ஆறு வாரக் கரண்டும்

காரைக்குடியான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் தீராமல் இழுபட்டுக்கொண்டிருக்கும் ஒரு வழக்கைப் பொதுவில் வைக்கிறேன். அத்தைக்கு இடது கன்னத்தின் உட்புறம் நெடுநாளாக ஆறாத புண் இருந்தது. சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை சிகிச்சையும் முடிந்துவிட்டது. தையல் ஆறியதும் மதுரையில் ஆறு வாரம் கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அத்தையின் குடும்பம் கைக்கும் வாய்க்குமாகப் பிழைக்கிற குடும்பம். அறுவைச் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையில் எங்கள் அப்பத்தா, மகள் பிழைத்து எழுந்தால் சித்திரையில் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நடந்து வந்து, தையல்நாயகிக்கு அபிஷேகம் செய்து, அன்னதானமும் நடத்துவதாக வேண்டிக்கொண்டு, பூர்வீக வீட்டுப் பங்கில் வந்த மூன்று லட்சம் ரூபாயை அதற்கென்று தனியே எடுத்து வைத்துவிட்டார். சிகிச்சையைத்தான் காப்பீடு பார்த்துக்கொள்கிறதே, சாமிக்கென்று நினைத்த காசில் கை வைக்கக் கூடாது என்பது பெரியப்பாவின் கட்சி. அத்தை மதுரையில் தங்குவதற்கே வழி தெரியாதபோது அந்தப் பணம் பெட்டியில் இருந்து என்ன பயன் என்பது என் அப்பச்சியின் (அப்பாவின்) கட்சி. இதற்கு மேல், கோயிலுக்குப் போய் வந்த பிறகு கரண்டு வைத்துக்கொள்ளலாம் என்று அப்பத்தா ஒரு புதுப் பிடிவாதமும் பிடிக்கிறார். பெரியவர்களை மனம் நோகச் செய்யாமல் இதைத் தீர்க்க முடியுமா?

கோட்டையூர் வாசகன்

மனம் நோகும் என்று பார்த்தால் உயிர் போகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டுதலால் நோய் தீருமா என்பதை யாரும் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைக்கு வந்த 1,802 பேரை மூன்று பிரிவுகளாக்கி நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்று உறுதியாகத் தெரியாத இரு பிரிவினரில், பிரார்த்தனை செய்யப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் செய்யப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் வந்தன. அதாவது வேறுபாடு இல்லை. தமக்காகப் பிரார்த்தனை நடப்பதை உறுதியாக அறிந்திருந்த மூன்றாம் பிரிவில்தான் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல் வந்தது. தெய்வத்தை எதிர்ப்பவர்கள் நடத்திய ஆய்வன்று இது. ஆன்மிகத்தில் ஈடுபாடுள்ள ஓர் அறக்கட்டளை பணம் கொடுத்து நடத்தியது. ஆகவே, மூன்று லட்சத்தையும் சிகிச்சைக்குக் கொடுங்கள். சாமி கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஆச்சி

கோட்டையூர்த் தம்பி சொல்லும் ஆய்வை நான் மறுக்கவில்லை. ஆனால் அது முன்பின் தெரியாதவர்கள் முன்பின் தெரியாதவர்களுக்காகப் பிரார்த்தித்ததைப் பற்றியது. பெற்ற வயிறு எரிந்து கேட்பதை எந்தத் தராசில் நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அதை விட்டுவிடுவோம், இந்த வீட்டுக்கு இப்போது வேண்டியது அந்த விவாதம் இல்லை.

காரைக்குடித் தம்பி, உங்கள் அப்பத்தாவுக்குத் தெரிந்த வழக்கத்தையே அவருக்கு நினைவூட்டுங்கள். நேர்ந்துகொண்டதை உடனே செலுத்த முடியாதபோது, ஒரு நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் அடியில் வைத்துவிட்டு, காலம் கூடியதும் செலுத்துவது நம் வீடுகளில் இருப்பதுதானே? வட்டிக்கடை நடத்திப் பிழைத்த நம் நகரத்தார் சமூகத்துக்கு, தவணை கேட்டால் கொடுப்பவன்தான் நல்ல கடன்காரன் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கோயில் சாமியான வைத்தியநாதனை நம் ஊர் அடகுக்கடைக்காரரைவிடக் கண்டிப்பானவராக ஏன் நினைக்க வேண்டும்? இந்தச் சித்திரை இல்லாவிட்டால் அடுத்த சித்திரை. மகள் பிழைத்து எழுந்தால் என்றுதானே வேண்டுதல்? அப்படியானால் எழுந்த பிறகு செலுத்துவதுதான் முறையும் கூட.

இன்னொன்றையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நடந்து வருவதாக நேர்ந்துகொண்டது அப்பத்தாவா, அத்தையையும் சேர்த்து நேர்ந்தாரா? அன்னதானம் எந்த இடத்தில் என்று வாய்விட்டுச் சொன்னாரா? அபிஷேகம் கோயிலில்தான் நடக்க வேண்டும், அதில் பேச்சில்லை. பசித்தவருக்குச் சோறு போடுவதற்கு இடம் குறித்து நேரவில்லை என்றால், அது எங்கே நடந்தாலும் வேண்டுதலுக்குள்தான் அடங்கும்.

கரண்டு அறைச் செவிலி

நான் ஓர் அரசு மருத்துவமனையின் கதிரியக்கப் பிரிவில் வேலை செய்கிறேன். இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து நோயாளிகளை நாள்தோறும் பார்க்கிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் தேதி. வாய்ப் புற்றுக்கு அறுவை முடிந்தபின் கரண்டு தேவைப்பட்டால், பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் அதைத் தொடங்கிவிட வேண்டும். தொடங்குவதற்கு முன்பே பல் மருத்துவர் பார்த்து, கெட்டுப்போன பற்களைப் பிடுங்கி, அந்த இடம் ஆற வேண்டும். பிறகு முகத்துக்கு அச்சு எடுத்து, ஸ்கேன் செய்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று கணக்கிட வேண்டும். இவற்றுக்கே நாட்கள் ஓடிவிடும். ஆகவே கோயிலுக்குப் போய் வந்து பார்க்கலாம் என்பதற்கு உண்மையில் இடமே இல்லை. தொடங்கிய பின் திங்கள் முதல் வெள்ளி வரை வாரம் ஐந்து நாள், மொத்தம் முப்பதுக்கு மேல் போகலாம். நடுவில் நிறுத்தினால் எஞ்சிய புற்றணுக்கள் அந்த இடைவெளியில் மறுபடி பெருகத் தொடங்கும். விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொள்வதால் இழந்தது முழுதாகத் திரும்பாது.

நடுவில் நிறுத்துகிறவர்கள் யார் என்றால், மருந்துக்குப் பணம் இல்லாதவர்களைவிட, பேருந்துக்குப் பணம் இல்லாதவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன். முதல் வாரத்தில் தெம்பாக வந்து போவார்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் விழுங்கவே கண்ணில் நீர் வரும். காரம் என்ற பேச்சே கூடாது. மிளகும் பட்டையும் மணக்கும் சமையலில் வளர்ந்தவர்களுக்கு அதுவே பாதித் தண்டனை. உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரால் ஒரு நாளில் பல முறை வாய் கொப்பளிக்க வேண்டும், கஞ்சியும் முட்டையும் பாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும், இறங்காவிட்டால் மூக்கு வழியே குழாய் போட வேண்டும். அந்த நிலையில் ஒருவரைக் காரைக்குடியிலிருந்து மதுரைக்கு நாள்தோறும் பேருந்தில் ஏற்றி இறக்கினால், ஒரு வியாழக்கிழமை அவர் வர மாட்டார். அதற்கடுத்த திங்களும் வர மாட்டார். பிறகு நாங்கள் தொலைபேசியில் தேட வேண்டும்.

விரதங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆறு வாரமும் சஷ்டி, கார்த்திகை, செவ்வாய் என்று நோயாளி பட்டினி கிடக்கக் கூடாது. எடை குறைந்தால் முகத்து அச்சே பொருந்தாமல் போய்விடும். கீமோவும் (புற்றணுக்களை அழிக்கும் மருந்து) சேர்ந்து கொடுக்கிறார்கள் என்றால் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் திருவிழாக் கூட்டத்துக்கும், அலகு குத்துவதற்கும், பூக்குழிக்கும் போகவே கூடாது. வேண்டுதலை வீட்டில் வேறொருவர் ஏற்றுச் செய்யட்டும்.

இன்னொரு சின்னச் செய்தி, ஆனால் எங்கள் அறை வாசலில் அடிக்கடி சண்டை வருவது இதனால்தான். திருநீறு, சந்தனம், மஞ்சள், மந்திரித்த எண்ணெய் ஆகியவற்றைக் கதிர் படும் கன்னத்திலும் கழுத்திலும் பூசிக்கொண்டு வருவார்கள். வெந்த தோலில் அவை ஒட்டி உரிந்து புண்ணாகும். சிலருக்குத் தோலில் போட்ட குறிக்கோடுகளும் அழிந்துபோகும். நெற்றியில் எவ்வளவு வேண்டுமானாலும் பூசிக்கொள்ளுங்கள், கன்னத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வேன். உலோகத் தாயத்தையும் கழுத்துச் சங்கிலியையும் அந்தச் சில நிமிடங்களுக்குக் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனம் வராத பெண்கள், உலோகம் இல்லாமல் வெறும் மஞ்சள் கயிறாகக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அதை யாரும் தடுப்பதில்லை.

குன்றக்குடி அன்பன்

எல்லோரும் கரண்டு, கீமோ என்றே பேசுகிறீர்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று பெரியவர்கள் சொன்னது வீணாகவா? மலையடிவாரத்தில் ஒரு பெரியவர் பற்பமும் விபூதியும் கொடுத்து, முற்றிய கட்டியையே கரைத்திருக்கிறார். காசும் கேட்பதில்லை, அவர் ஆசிரமத் திருப்பணிக்கு விருப்பப்பட்டதைக் கொடுத்தால் போதும். அந்த மூன்று லட்சத்தை அங்கே கொடுத்தால் புண்ணியத்துக்குப் புண்ணியம், வைத்தியத்துக்கு வைத்தியம். தொலைபேசி எண் [நீக்கப்பட்டது]

நெறியாளர்

எண்ணை நீக்கியிருக்கிறேன். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். இக்களத்திலும் அதற்கு இடமில்லை. கருத்தை மட்டும் விட்டுவைக்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கோட்டையூர் வாசகன்

மறுக்கிறேன். யேல் பல்கலைக்கழகத்தினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் ஆகிய நான்கு புற்றுகளில், பரவாத நிலையிலேயே கண்டறியப்பட்டும் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருந்தை மட்டும் நம்பிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேருடன் ஒப்பிட்டார்கள். மாற்று மருந்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு; மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். விருப்பப்பட்டதைக் கொடுத்தால் போதும் என்கிற இடத்தில்தான் வீட்டுப் பத்திரம் வரைக்கும் போய் நிற்கும் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கரண்டு அறைச் செவிலி

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் முற்றிய பிறகே வயிற்றைத் திறந்தார்கள், திறந்து பார்த்ததும் உள்ளே பரவியிருந்தது தெரிந்தது. பழி கத்தியின் மேல் விழுந்தது. சதை எடுத்துப் பார்க்காமல் எந்த வகைப் புற்று என்று தெரியாது, தெரியாமல் எந்தச் சிகிச்சையும் கிடையாது.

பள்ளத்தூர்க் கணக்கர்

பெரியப்பாவின் கட்சிக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி சரி. முதலமைச்சர் காப்பீடு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. கரண்டும் அதில் அடங்கும். அது ஏற்காதவற்றை ஒரு தாளில் எழுதிப் பெரியப்பா முன் வையுங்கள். மதுரையில் ஆறு வாரம் தங்கும் அறை வாடகை. கூட இருப்பவரின் சாப்பாடு. அந்த மனிதர் ஆறு வாரம் வேலைக்குப் போகாததால் நின்றுபோன கூலி. வீட்டில் மிச்சமிருப்பவர்களின் அரிசி. சத்துமாவும் பாலும் முட்டையும். திடீரென்று காய்ச்சல் கண்டு வெளியே பார்க்கிற இரத்தப் பரிசோதனை. இவ்வளவுக்கும் மேல், சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தவறாமல் போய்வர வேண்டிய மறுபரிசோதனைகளின் வண்டிச் சத்தம். இது ஒன்றும் சிகிச்சை இல்லை என்று யாராவது சொன்னால், மேலே செவிலியம்மா எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுங்கள்.

மதுரைக்குப் பதில் சென்னைக்குப் போக நேர்ந்தால் ஒன்றை மறக்காதீர்கள். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயிலில் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் கட்டணமே இல்லை, உடன் செல்பவருக்கு அவற்றில் 75 விழுக்காடு சலுகை. இருக்கைப் பெட்டிகளில் இருவருக்குமே 75 விழுக்காடு. மருத்துவமனை தரும் படிவத்தை முன்பதிவு மையத்தில் காட்ட வேண்டும். நம் பக்கத்தில் பலர் முழுக் கட்டணம் கட்டிப் போய்வருகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எரிச்சலாக இருக்கிறது.

வெளியாருக்கு உதவ நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். வாட்சாப்பில் சுற்றிவரும் படத்தைப் பார்த்து உருகி யாரோ ஒருவர் கணக்குக்கு அனுப்பாதீர்கள். நோயாளியின் மருத்துவமனைப் பதிவு எண்ணைக் கேட்டு, மருத்துவமனையின் பெயருக்கே கட்டுங்கள். வரிச் சலுகை வேண்டுமானால் வருமான வரித் துறையின் நன்கொடைச் சலுகை (80ஜி) அனுமதி பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அறவே கிடையாது. தனி நோயாளிக்குக் கொடுப்பதற்கும் சலுகை இல்லை. இல்லாவிட்டால் என்ன, கொடுங்கள்.

சிங்கப்பூர்ச் செட்டிநாட்டான்

இப்படிச் சில்லறை சில்லறையாக ஏன் யோசிக்க வேண்டும்? அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கினார்; மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேருவையே காரைக்குடிக்கு வரவழைத்து அடிக்கல் நாட்டச் செய்தார். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனை, ஒவ்வொரு நகரக் கோயில் (நகரத்தார் கோயில்) குடமுழுக்குக்கும் சேரும் பணம் எவ்வளவு! ஒரு குடமுழுக்கின் செலவை வைத்தே செட்டிநாட்டில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை கட்டிவிடலாம். ஒன்பது நகரக் கோயில்களும் சேர்ந்தால் முடியாதது உண்டா?

பள்ளத்தூர்க் கணக்கர்

கட்டிவிடலாம், நடத்துவதுதான் கடினம். கதிர்வீச்சுக் கருவிக்குக் கெட்டியான காங்கிரீட் அறை வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும், மருத்துவரோடு கதிர்வீச்சு இயற்பியலாளரும் தொழில்நுட்பரும் வேண்டும். இவர்கள் கானாடுகாத்தானிலோ கடியாபட்டியிலோ குடியிருக்கச் சம்மதிக்க வேண்டும். திறப்பு விழாவுக்குக் கொடுக்க ஆளிருக்கும், ஏழாம் ஆண்டின் மின்கட்டணத்துக்குக் கொடுக்க ஆளிருக்காது.

நம் முன்னோர்கள் காசியிலும் இராமேசுவரத்திலும் நகரச் சத்திரம் கட்டினார்கள் அல்லவா? அதில் ஒரு கணக்கு இருக்கிறது. சாமியை இங்கே கொண்டுவர அவர்கள் முயலவில்லை. ஆள் போகிற ஊரில், போகிறவன் படுக்கவும் சாப்பிடவும் இடம் செய்தார்கள். அந்தச் செலவை வியாபாரத்தில் எடுத்துவைத்த மகமை தாங்கியது. இன்று நம் ஊரிலிருந்து ஆள் போகிற இடம் மதுரைக் கரண்டு அறை, அடையாறு, காஞ்சிபுரம் காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனைகள். அங்கே நடந்துபோகும் தூரத்தில் பத்து அறைகளும் ஒரு கஞ்சி அடுப்பும் இருந்தால், பல பேருடைய சிகிச்சை நடுவில் அறுபடாது. பூட்டிக் கிடக்கும் வளவு வீட்டைத் திறந்துவிட்டு என்ன செய்வது? நோயாளி இருப்பது அங்கே இல்லையே.

தேவகோட்டை ஆச்சி

கணக்கர் சொன்னதை வழிமொழிகிறேன். அடையாறு என்றதும் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். அந்த மருத்துவமனையை உண்டாக்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நமக்கு அடுத்த புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். மாதர் சங்கத்தின் வழியே வீடு வீடாகவும் மன்றம் மன்றமாகவும் நிதி கேட்டு, 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு அதைத் திறந்தார். மறுஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் கண்மூடும் வரை அங்கேயே இருந்தார். பணம் கட்ட முடியாதவர்களை அந்த இடம் இத்தனை ஆண்டுகள் பார்த்துவந்ததற்குப் பின்னால் பெரிய வள்ளல்கள் மட்டும் இல்லை, ஐந்தும் பத்துமாகக் கொடுத்த பெண்களும் இருக்கிறார்கள். காரைக்குடித் தம்பியின் அப்பத்தாவும் அந்த வரிசையில் நிற்கத் தக்கவர்தான், அவரை ஏதோ தடைக்கல் போல யாரும் பேச வேண்டாம்.

புதுவயல் வாசகர்

முஸ்லிம்களான எங்கள் பக்கத்து முறையையும் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். வரம்புக்கு மேற்பட்ட சேமிப்பு ஓர் ஆண்டு கையில் நின்றால் அதில் இரண்டரை விழுக்காடு ஜகாத் கொடுப்பது கடமை. வேண்டுதல் பலித்ததா இல்லையா என்ற கேள்வியே அதில் எழாது. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுக்க முடியாது, ஏனென்றால் அவர்களைப் பார்த்துக்கொள்வது தனிக் கடமை. ஏழையான அத்தைக்குக் கொடுக்கலாம், கொடுப்பது சிறப்பும்கூட. எங்கள் ஊரில் சிலர் ரமலானில் மொத்தமாகப் பிரித்துக் கொடுத்துவிடாமல், ஒரு பங்கை வைத்திருந்து, மதுரைக்குப் போய்வரும் நோயாளிகளுக்கு வாரம் வாரம் கொடுக்கிறார்கள். மொத்தமாகக் கொடுத்தால் பழைய கடனுக்குப் போய்விடுகிறது, நாலாவது வாரத்தில் கை வெறுமையாக இருக்கிறது என்பது அனுபவத்தில் கண்டது. காரைக்குடியார் குடும்பமும் பணத்தை வாரக் கணக்கில் பிரிப்பது நல்லது.

கண்டனூர் மகள்

இங்கே எல்லோரும் பிழைப்பவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் அப்பச்சி பிழைக்கவில்லை. கணையத்தில் வந்தது, தெரியும்போதே கல்லீரலுக்குப் போய்விட்டது. நாங்கள் செய்யாத பூசை இல்லை. கடைசி மாதங்களில் பார்க்க வந்த உறவினர் ஒருவர், இன்னும் முழு நம்பிக்கையோடு கும்பிட்டிருந்தால் கை விட்டிருக்க மாட்டான் என்று ஆத்தாவிடம் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார். ஆத்தா அதற்குப் பிறகு நெடுநாள் விளக்கேற்றவில்லை. வேண்டுதலால் கட்டி கரைந்தது என்று பெருமையாகச் சொல்கிறவர்கள், அதன் மறுபக்கமாக, கரையாதவர் வீட்டில் குற்றவாளியைத் தேடுகிறார்கள் என்பதை உணர்வதில்லை.

அப்பச்சிக்குப் பிரார்த்தனை உதவவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரவில் வலி கூடும்போது ஓதுவார் பாடிய ஒலிப்பதிவை வைக்கச் சொல்வார், மூச்சு சீராகும். ஆனால் அது வலியைக் குறைத்தது மார்ஃபின் என்ற வலி நிவாரண மாத்திரை வேலை செய்த பிறகுதான்; அதற்கு முன் அவருக்குப் பாட்டும் எரிச்சலாக இருந்தது. அந்த மாத்திரை விலை மலிவானது, இருந்தும் அது கிடைக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் அலைந்தோம். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி அதைப் பெறுவதை எளிதாக்கியிருக்கிறார்கள் என்பதுகூட எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வலி தணிப்பு மருத்துவம் என்பது கைவிடப்பட்டவர்களுக்கு என்று நினைக்க வேண்டாம்: முற்றிய நுரையீரல் புற்றுள்ள 151 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், தொடக்கத்திலிருந்தே அதையும் சேர்த்துப் பெற்றவர்கள் 11.6 மாதமும் பெறாதவர்கள் 8.9 மாதமும் நடுக்கணக்கில் (பாதிப் பேர் அதைவிட அதிகம், பாதிப் பேர் குறைவு என்ற கணக்கில்) வாழ்ந்தார்கள், முன்னவர்கள் கடைசிக் கட்டத்தில் கடும் சிகிச்சைகளைக் குறைவாகவே எடுத்திருந்தும்.

எங்கள் குடும்பம் கடைசியில் கடன் வாங்கிச் செய்த செலவுகளில் பெரும்பகுதி, பயனில்லை என்று மருத்துவரே சொல்லிவிட்ட பிறகு, ஊர் என்ன சொல்லும் என்பதற்காகச் செய்தவை. தர்மத்துக்குப் பணம் வைத்திருப்பவர்கள், வீட்டுக்கு வந்து வலியைப் பார்க்கும் ஒரு செவிலியருக்குச் சம்பளம் கொடுங்கள். அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பதால்தானோ என்னவோ, யாரும் கொடுப்பதில்லை.

கோட்டையூர் வாசகன்

கண்டனூர்ச் சகோதரியின் உறவினர் சொன்னதைப் படித்ததும் கை நடுங்குகிறது. என் முதல் பதிவில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன், ஆனால் அந்த ஒலிப்பதிவை நான் எதிர்க்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

பணம் இல்லாமலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கீமோ நோயாளிகளுக்கு இரத்தத்தில் தட்டணுக்கள் (இரத்தம் உறைய உதவுபவை) சட்டென்று இறங்கும். எடுத்த தட்டணு ஐந்து நாள்தான் தாங்கும் என்பதால் சேர்த்துவைக்க முடியாது, கொடுப்பவர் வந்துகொண்டே இருக்க வேண்டும். பழனிக்குப் பாதயாத்திரை நடக்கத் தெம்புள்ள ஒருவருக்கு அதைக் கொடுக்கவும் தெம்பிருக்கும். நடந்துவிட்டு வந்து கொடுங்கள், எனக்கு மறுப்பில்லை.

காரைக்குடியான்

எல்லோருடைய பதிவுகளையும் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன், குன்றக்குடி அன்பருடையதையும் சேர்த்துத்தான். தேதி முடிவாகிவிட்டது: பல் மருத்துவரை இந்த வாரமே பார்க்கிறோம், கரண்டு தள்ளிப்போகாது. மஞ்சள் துணி யோசனையை அப்பத்தா உடனே ஏற்றுக்கொண்டார். தமக்கே தோன்றியிருக்க வேண்டியது என்று ஆச்சி மேல் கொஞ்சம் கோபமும் பட்டார். அபிஷேகத்துக்கு என்று ஐம்பதாயிரத்தைத் தனியே கட்டி வைத்துவிட்டார், அதில் ஒரு ரூபாயும் குறையாது என்கிறார், நாங்களும் பேசவில்லை. நடப்பது அவர் மட்டும், அடுத்த சித்திரையில், முடிந்த தூரம்.

மீதி அன்னதானத்துக்கானது. இடம் குறித்து நேரவில்லை என்று ஒப்புக்கொண்டார். அத்தையும் மாமாவும் மதுரையில் தங்கிச் சாப்பிடுவதை அன்னதானக் கணக்கில் எழுத முடியாது, பெற்ற மகளுக்குப் போடும் சோறு தானமாகாது என்று ஒரு வாதம் வைத்தார். புதுவயல் வாசகர் எழுதியதைக் கேட்ட பிறகுதான் அந்த வாதம் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்! ஆகவே அத்தையின் செலவை அப்பச்சியும் பெரியப்பாவும் ஆளுக்குப் பாதியாக ஏற்கிறார்கள். அன்னதானப் பணத்தில், அத்தை கரண்டு வைக்கிற ஆறு வாரமும் அங்கே வருகிற மற்ற நோயாளிகளுக்கும் உடன் இருப்பவர்களுக்கும் சாப்பாடு கொடுக்க விரும்புகிறார். பெரியப்பா மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது தனிக் கதை. செவிலியம்மா, இதை எப்படிச் செய்வது என்று சொல்ல முடியுமா?

கரண்டு அறைச் செவிலி

மகிழ்ச்சி. முதலில் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். வார்டுக்குள் வெளிச்சாப்பாடு கொண்டுவர விட மாட்டார்கள், வாசலில் கொடுக்க இடம் காட்டுவார்கள். பொட்டலச் சாதமும் வடையும் பாயசமும் உடன் வந்தவர்களுக்கு ஆகும், வாயில் புண் உள்ளவர்களுக்கு ஆகாது. நோயாளிகளுக்கென்று காரமில்லாமல், நன்றாகக் குழைந்த பருப்புக் கஞ்சியோ கேழ்வரகுக் கூழோ தனிப் பாத்திரத்தில் வையுங்கள், மிதமான சூட்டில் இருக்கட்டும். அன்றன்று சமைத்ததாக, கொதிக்க வைத்த நீரில் செய்ததாக இருக்க வேண்டும்; முதல் நாள் மிஞ்சியது எதுவும் கூடாது. காலையிலேயே வந்து முறைக்குக் காத்திருப்பவர்கள் பதினொரு மணிக்குமேல் சோர்ந்துவிடுவார்கள், அந்த நேரத்துக்கு வந்தால் நல்லது. சனி, ஞாயிறு கரண்டு கிடையாது, ஆகவே அந்த இரண்டு நாளும் சமைக்க வேண்டாம். முதல் நாளே நூறு பேருக்குச் செய்துகொண்டு வராதீர்கள், முப்பது பேருக்குக் கொண்டுவந்து பாருங்கள், எண்ணிக்கையை நான் அன்றன்று சொல்லிவிடுகிறேன்.